வாசற்படிக்கு அடியில் இரண்டு நானோடெஸ்லா

பெங்களூர்
ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோமதி எழுதுவது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். தை மாதத்திலிருந்து என் போனை நீங்கள் எடுப்பதில்லை. அம்மாவைக் கூப்பிட்டால், "அண்ணன் தோப்புக்குப் போயிருக்கான் அம்மணி" என்று ஒரே பதில். அப்படி என்ன, தோப்பிலேயே குடியேறிவிட்டீர்களா? டிவியில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இத்தனை மாதக் கோபம் தாங்காது, அண்ணா.

சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். இப்போது எனக்கு உங்கள் உதவி வேண்டும்.

நம் கலம் வெள்ளிக் கிரகத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதன் நீண்ட கையின் நுனியில் இருக்கிற காந்தமானி என்னுடையது. நம் தோப்புக் கொட்டகையில் வைத்துச் சோதித்தோமே, அதே கருவிதான். பூமிக்குச் சொந்தமாகக் காந்தம் உண்டு. சூரியனிலிருந்து வீசும் காற்றை அது மலை மாதிரி தடுத்து நிறுத்துகிறது. வெள்ளிக்கு அந்த மலை இல்லை. நம் பாலக்காட்டுக் கணவாய் மாதிரி திறந்து கிடக்கிறது. அந்தக் காற்று அங்கே நேராக வளிமண்டலத்தின் மேல் வந்து மோதி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகிறது. எப்படி இழுக்கிறது என்று பார்ப்பதுதான் என் கருவியின் வேலை.

ஆனால் கருவி எப்போதும் ஒரே பக்கமாக இரண்டு நானோடெஸ்லா கூடுதலாகக் காட்டுகிறது. நம் ஊரில் திசைகாட்டி ஊசியைத் திருப்புகிற காந்தத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான். ஆனாலும் அது போதும், என் அளவுகள் எல்லாவற்றையும் குப்பையில் போட.

அக்டோபரில் கலம் கீழே இறங்கி வெள்ளியின் மேல் வளிமண்டலத்துக்குள்ளேயே நுழைந்து வரப்போகிறது. மின்சாரம் போதாது, ஏதாவது ஒரு கருவியை அணைத்தாக வேண்டும். என் கருவி கெட்டுப்போய்விட்டது, அதையே அணைத்துவிடலாம் என்கிறார் குழுத் தலைவர். செப்டம்பர் 20 அன்று முடிவு. ஒன்பது வருஷ வேலை, அண்ணா. அணைத்தால் அணைத்ததுதான்.

கருவி கெடவில்லை, தரையில் சோதித்தபோதே தப்பு நேர்ந்தது என்றால் பிழைத்தேன். அந்தத் தப்பு மாறாது, கழித்துவிடலாம். எனவே கொட்டகையில் எங்காவது இரும்பு இருக்கிறதா என்று பாருங்கள். திசைகாட்டி ஒன்று வைத்து அனுப்பியிருக்கிறேன். சித்ரா அண்ணி உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள்
கோமதி


பெருமாட்டி
ஆவணி 1

கோமதிக்கு,

மனித நடமாட்டமே இல்லாத பெருமாட்டியிலிருந்து அருள்குமார் எழுதிக்கொள்வது.

நீ டிவியில் சொன்ன "ஒரு வார்த்தை" இதுதான். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். "மனித நடமாட்டமே இல்லாத ஓர் இடத்தில் கருவியைச் சோதித்தோம்." அதை நாங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். உன் கருவிக்காகப் பங்குனி வெயிலில் பகலெல்லாம் மோட்டார் போடாமல் இருந்தேன். இரும்புக் கேட்டைக் கழற்றி வைத்தேன், எருமைகள் புகுந்து தென்னம்பிள்ளைகளைத் தின்றன. தோப்புப் பக்கம் போகிறபோது அம்மா சேலையில் குத்தியிருந்த ஊக்கைக்கூடக் கழற்றிவிட்டுப் போனாள். நாங்கள் எல்லாம் மனிதரில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

போனில் என்றால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, பார். அதனால்தான் எழுதுகிறேன்.

சரி, தேடினேன். கூரைக் கிடுகு, மரமுளை, பித்தளைக் கீல் எல்லாம் பார்த்தாயிற்று. எங்கும் ஊசி அசையவில்லை. வாசற்படியில் வைத்தபோது மட்டும் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொத்தனார் செங்கோட்டையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார். "பண்ணாரி மேல சத்தியமுங்க, ஒரு ஆணி வெக்கலீங்க. அம்மணி சொன்னதுக்கு மேல ஒரு துரும்பு போடலீங்க" என்றார்.

சித்ரா நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னத்துக்கு அவரப் போட்டு வெரட்டுதீக? நெலை வைக்கும்போது குழியில எல்லாரும் காசு போட்டோம்லா? மொதக் காசு கோமதிதான போட்டா" என்றாள்.

நானும் பழைய ஸ்பீக்கரைப் பிரித்து, உள்ளே இருந்த காந்தத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் பார்த்தேன். அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ஆளுக்கு ஒரு ரூபாய், மஞ்சள் துணியில் முடிந்து, நிலைக்கு அடியில் வைத்துப் பூசினோம். தங்கச்சி முறைக்கு நீதான் முதலில் போட்டாய். ஊரில் இருக்கிற ஊக்கையெல்லாம் கழற்றச் சொன்ன காந்த விஞ்ஞானி, கையில் இருந்த காசை ஒரு தரம் சோதித்துப் பார்த்திருக்கலாம்.

இரண்டு நாளாக நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுதாகப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

அருள்


பெங்களூர்
ஆகஸ்ட் 22

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஆபீசிலேயே பிரித்துப் படித்துவிட்டு வாய்விட்டுக் கத்தினேன். என்னோடு வேலை செய்யும் ஜிஸ்மி ஓடி வந்து "எந்தா சேச்சி, எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்றோ எனப் பதறி மலையாளத்தில் கேட்டாள். பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து அவள் முன்னால் காந்தத்தில் ஒட்டிக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. பூஜை இல்லாமல் நிலை வைக்கமாட்டேன் என்று செங்கோட்டையன் அடம்பிடித்தார். விளக்கு பித்தளை, சொம்பு செம்பு, நவதானியம், மஞ்சள். ஒன்றொன்றாகச் சோதித்துத்தான் விட்டேன். காசு என் கையிலேயே இருந்ததால் கண்ணில் படவில்லை. இந்தக் காலத்து ஒரு ரூபாய் எஃகு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அது எனக்குக் காசாகத் தெரியவில்லை, முறையாகத் தெரிந்தது.

எப்படித் தப்பு நேர்ந்தது என்றும் இப்போது புரிகிறது. கருவியின் பூஜ்யம் எது என்று கண்டுபிடிக்க அதை நேராக வைத்து ஒருமுறை அளப்போம், தலைகீழாகப் புரட்டி மறுமுறை அளப்போம். புரட்டும்போது அது ஒரு சாண் நகர்ந்துவிடும். சுற்றிலும் இரும்பு இல்லாத இடத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் ஒரு முடிச்சுக் காசு இருந்தால், அந்த ஒரு சாணுக்குள் அளவு மாறிவிடும்.

உடனே நிலையை எடுத்துவிட்டுத் தோண்டி, அந்த முடிச்சை அப்படியே அனுப்பிவையுங்கள். எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அளந்து, போட்டோவும் எடுங்கள். குழுவுக்கு முன்னால் வைக்க எனக்கு அது வேண்டும். நாள் அதிகம் இல்லை.

கோமதி


பெருமாட்டி
ஆவணி 11

கோமதிக்கு,

தோண்ட முடியாது.

சித்ராவுக்கு ஏழாவது மாதம் என்று உனக்குத் தெரியும். இதற்கு முன் இரண்டு தரம் எங்களுக்குக் கைகூடவில்லை என்பதும் தெரியும். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சுவரில் ஆணிகூட அடிக்கமாட்டார்கள். நீ நிலையையே பெயர்க்கச் சொல்கிறாய். அம்மாவிடம் கேட்டேன். "எம் புள்ளைக்கு ஆகற காரியமுன்னா என்ன வேணாலும் செய்வேன். இதெ மட்டும் கேக்காதடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவில்லை.

இதையெல்லாம் நம்புகிறீர்களா அண்ணா என்று எழுதுவாய். நம்பவில்லை. ஆனாலும் தோண்டமாட்டேன். போன தரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேனே, அப்போது எதை நம்பினேன் எதை நம்பவில்லை என்று எனக்கே தெரியாது. மறுபடியும் அங்கே போய் நிற்க என்னால் ஆகாது.

வேறு ஏதாவது வழி பார்.

அருள்


பெங்களூர்
ஆகஸ்ட் 31

அண்ணா,

வேறு வழி இல்லை. இருந்தால் நான் ஏன் உங்களைக் கெஞ்சப்போகிறேன்?

அது வீடே இல்லை, கொட்டகை. உங்கள் வாசலிலிருந்து பார்த்தால் கண்ணுக்குக்கூடத் தெரியாது. அதன் நிலையைப் பெயர்த்தால் அண்ணியின் வயிற்றுக்கு என்ன ஆகும்? உங்களுக்கும் நம்பிக்கை இல்லை என்கிறீர்கள். பயத்துக்காக என் ஒன்பது வருஷத்தைக் காவு கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் குழு நம்பாது. "வாசற்படிக்கு அடியில் காசு வைத்தோம், அதுதான் காரணம்" என்று நான் போய் நின்றால் சிரிப்பார்கள். தலைவர் ஏற்கெனவே என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

நான் கல்யாணம் வேண்டாம் என்றபோது, "அவ கருவியே அவளுக்குப் புள்ளை, உடுங்க" என்று ஊரார் வாயை அடைத்தது நீங்கள்தான். அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு கடப்பாரை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள்.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

கோமதி


பெருமாட்டி
ஆவணி 20

கோமதிக்கு,

உன் கடிதத்தைப் படித்த சூட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். அதை அனுப்பியிருந்தால் நமக்குள் இந்த ஜென்மத்துக்குப் பேச்சு இல்லாமல் போயிருக்கும். சித்ரா வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாள். உன் கடிதத்தையும் வாங்கிப் படித்தாள். அவளுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இனி அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். எழுதவில்லை என்றால் சோறு கிடையாது என்றுவிட்டாள்.

"கோமதி, போன வாரம் எனக்கு ஸ்கேன் எடுத்தாவ. வயித்தக் கிழிச்சா பாத்தாவ? மேல வச்சுத் தடவித்தான பாத்தாவ. கை இங்கன இருக்கு, கால் இங்கன இருக்குன்னு எல்லாஞ் சொன்னாவ. நீ அத்தந்தூரத்துல இருந்துக்கிட்டு வெள்ளி கிரகத்துக்குள்ள என்ன இருக்குன்னு தோண்டாமத்தான பாக்குத? நம்ம வாசப்படிக்குள்ள இருக்க காச மட்டும் என்னத்துக்கு தோண்டச் சொல்லுத? மேல வச்சுப் பாரேன். உங்க அண்ணன் பயந்துபோயி கெடக்காவ. எங்கிட்ட சொல்ல மாட்டாவ. ராத்திரி தூங்காமப் பொரளுதாவ. அவியள வையாத."

நான் புரளவில்லை. கொசு.

அருள்


பெங்களூர்
செப்டம்பர் 9

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரிடமும்தான் கேட்கிறேன். ஆகஸ்ட் 31 கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமானால் பெற்றுக்கொள்வேன்.

அண்ணி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. காசை வெளியே எடுத்தால் அது வெறும் காசு. எந்தக் காசை வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டலாமே என்று தலைவர் கேட்டிருப்பார், அவர் கேட்பதும் நியாயம். அது மண்ணுக்குள் இருக்கிறபடியே இருக்கும்போது அளந்தால்தான் சாட்சி. பதற்றத்தில் எனக்குக் கடப்பாரை ஒன்றுதான் தோன்றியது. தொழிலையே மறந்துவிட்டேன்.

கலத்தில் போன கருவிக்கு இங்கே ஓர் இரட்டை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஜிஸ்மி 13ஆம் தேதி வருகிறாள். நான் கட்டுப்பாட்டு அறையை விட்டு நகர முடியாத வாரம் இது. அன்று போலவே நேராகவும் தலைகீழாகவும் வைத்து அளப்பாள். ஒரு நாள் மட்டும் மோட்டாரை நிறுத்திவையுங்கள். தோப்புக்குள் போன், சாவி, அரிவாள் எதுவும் வேண்டாம்.

நிலையை யாரும் தொடவேண்டியதில்லை. அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கோமதி


பெருமாட்டி
ஆவணி 30

கோமதிக்கு,

உன் ஜிஸ்மி வந்தாள். கம்பம்மெட்டில் ஏலக்காய்த் தோட்டக்காரர் மகளாம். வாளையாரில் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டு, மத்தியானம்தான் வந்து சேர்ந்தாள். பெட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லையாம். சாப்பிடச் சொன்னால், "ஆத்யம் பணி, பின்னே ஊணு" என்றாள், வேலை முடிந்துதான் சாப்பாடாம். அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

தோப்பு வாசலில் எங்களை வரிசையாக நிறுத்திச் சோதனை போட்டாள். என் பெல்ட் போயிற்று. செங்கோட்டையன் அரைஞாணில் கட்டியிருந்த தாயத்து போயிற்று. நான் ஏதோ கருவியைப் பார்க்கலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். "சேட்டா, அவிடெத் தன்னே நில்கணும்!" என்று ஒரு அதட்டல். சொந்தத் தோப்பில் கைகட்டி நின்றேன்.

அந்தி வரைக்கும் அளந்தாள். முடித்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பிறகு எழுந்து ஓடி வந்து சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரண்டு! சேச்சி, கறெக்ட் ரண்டு!" என்று குதித்தாள். என்ன இரண்டு என்று தெரியாமலே அம்மாவும் சிரித்தாள். இரட்டைப் பிள்ளை என்று சொல்கிறாளோ என்று நினைத்துவிட்டாளாம்.

ஒன்று சொல்ல வேண்டும். டிவி விஷயத்தை நான் விட்டுவிட்டேன். ஒரு நாள் மோட்டார் போடாததற்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்றால் நான் போட்ட சண்டை கொஞ்சம் அதிகம்தான். கொஞ்சம்.

20ஆம் தேதி என்ன ஆயிற்று என்று எழுது.

அருள்


பெங்களூர்
அக்டோபர் 6

அண்ணா, அண்ணி, அம்மா,

முன்பே எழுதியிருக்க வேண்டும். முழுதும் முடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

20ஆம் தேதி குழுவில் ஜிஸ்மியின் அளவுகளை வைத்தேன். காரணம் என்ன என்று கேட்டார்கள். வாசல்நிலை, பூஜை, காசு, முதல் காசு என்னுடையது எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "எங்க ஊட்லயும் வெப்பாங்க" என்றார். அவருக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கமாம். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

அளவு பொருந்துகிறது, இருந்தாலும் கலத்தை ஒரு தரம் முழுதாகப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. எரிபொருள் செலவு, அதனால் ஒரே ஒரு தரம். கூடுதலாகக் காட்டுவது வெள்ளியின் காந்தம் என்றால் கலம் திரும்பும்போது அதன் பக்கம் மாறும். எங்கள் தப்பு என்றால் கருவியோடு கூடவே திரும்பும்.

நேற்றுப் புரட்டினார்கள். சமிக்ஞை வந்து சேரும் வரை என்னால் உட்கார முடியவில்லை. வந்தது. தப்பு கருவியோடு கூடவே திரும்பியிருந்தது. அளவும் ஜிஸ்மி கண்ட அதே இரண்டுதான். கருவிக்கு ஒன்றும் இல்லை, அண்ணா. ஒன்றுமே இல்லை. நான் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். ஜிஸ்மி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவளும் அழுதாள்.

இந்த மாதம் கலம் இறங்கும்போது என் கருவி விழித்திருக்கும்.

கோமதி


பெருமாட்டி
ஐப்பசி 8

கோமதிக்கு,

பெண் குழந்தை. நேற்று விடியற்காலையில். சித்ரா நன்றாக இருக்கிறாள், குழந்தையும் நன்றாக இருக்கிறது. வராந்தாவில் நின்றேன். நர்சம்மா வந்து சொன்னதும் அவர் காலில் விழப் போனேன், அவர் நகர்ந்துகொண்டார்.

இன்னொரு சேதி. அம்மாவே சொல்லிவிட்டாள். "தீட்டுக் கழிஞ்சதும் அந்த நெலையெத் தோண்டி, அம்மணி காசெ எடுத்துக் குடுத்துருடா. பாவம், அத்தனெ கேட்டா" என்கிறாள். செங்கோட்டையனிடம் சொல்லிவிட்டேன். நாள் பார்த்து எடுத்து, அந்த முடிச்சை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். உன் தப்பை நீயே பத்திரமாக வைத்துக்கொள்.

குழந்தைக்கு உன் மூக்கு. என்ன செய்வது.

அருள்


பெங்களூர்
அக்டோபர் 30

அண்ணா,

மருமகள்! ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். மூக்கைப் பற்றி நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

கலம் இறங்கி ஏறிவிட்டது. வெள்ளிக்குச் சொந்தக் காந்தம் இல்லை என்றுதான் இப்போதும் காட்டுகிறது, இனி யாரும் சந்தேகப்பட முடியாது. சூரியக் காற்றோடு வந்த காந்தப்புலம் வளிமண்டலத்துக்குள் இறங்கி, நார்க்கயிறு திரித்த மாதிரி முறுக்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு முறுக்கையும் எண்ணலாம், அத்தனை தெளிவு. இதைப் பார்க்காமலே போயிருப்பேன்.

இப்போது அவசரம். தோண்டாதீர்கள்! குழு தீர்மானம் போட்டிருக்கிறது. இந்தக் கலத்தின் அளவுகள் எல்லாம் அந்தக் காசு இருக்கும் இடத்தை வைத்துத்தான் சரிசெய்யப்படுகின்றன. நாளைக்கு யாருக்காவது சந்தேகம் வந்தால் மறுபடி அங்கே வந்து அளந்து பார்க்க வேண்டும். எனவே கலம் வேலை செய்கிற வரைக்கும் அந்த நிலையை யாரும் பெயர்க்கக் கூடாது, பக்கத்தில் மண்வெட்டிகூடப் போடக் கூடாது. எழுத்தில் வந்துவிட்டது, தலைவர் முதல் கையெழுத்து. அம்மா ஆவணியில் சொன்னதைத்தான் இவர்கள் ஐப்பசியில் சொல்கிறார்கள். அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

இது வந்து சேருவதற்குள் செங்கோட்டையன் கடப்பாரையோடு வந்துவிடுவாரே என்று பயந்து இன்று காலை உங்கள் போனுக்குக் கூப்பிட்டேன். எடுத்தீர்கள்! நான் "தோண்டாதீங்கண்ணா, தோண்டாதீங்க" என்று கத்தினேன். நீங்களும் ஏதோ கத்தினீர்கள். பிள்ளை அழுத அழுகையில் இருவர் பேச்சும் இருவருக்கும் கேட்கவில்லை. அப்புறம் பேசலாம் என்று போனை வைத்திருக்கலாம். எனக்கு வைக்க மனம் வரவில்லை. அது அழுது ஓயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கோமதி